படகு எந்தப் பக்கம் போகும்

அனிதா கொண்டுவந்த படிவத்தில் பதினோரு வரிசைகளை அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன். பன்னிரண்டாவது வரிசையில் மூன்று நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அனிதா இங்கே அந்தமானில் ஷாதிபூர் என்ற பகுதியில் வளர்ந்த பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் இந்தி, என்னிடம் மட்டும் சென்னையில் படித்தபோது கற்ற தமிழ். நான் ஓய்வு பெற்ற பள்ளியில் என் இடத்துக்கு வந்திருக்கும் நடன ஆசிரியை. நான் படித்த பல்கலைக்கழகத்தில், நான் படித்த அதே நடனக் கல்விப் படிப்பை முடித்தவள். அங்கே படித்தவர்கள் எல்லாரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று துறையில் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "ஒவ்வொரு பேட்சுக்கும் ஒருத்தர் நிரப்பணுமாம் மேடம். உங்க பேட்சுல அட்ரஸ் தெரிஞ்ச ஆள் நீங்க மட்டும்தான்" என்று தலையில் கட்டிவிட்டுப் போனாள். பெயர், பணி, பணியிடம், கடைசியில் ஒரு கட்டம்: நடனத் துறையில் இருக்கிறாரா, ஆம் அல்லது இல்லை.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஒருத்தி பெங்களூரில் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கும் அவன் சித்தப்பாவுக்கும் ஆடச் சொல்லித் தருகிறாள். எங்களில் கார் வைத்திருப்பவள் அவள்தான். ஒருத்தி வங்கியில் காசாளர். ஒருத்தி போலீஸ். ஒருத்தி சலங்கை, நகை, உடை வாடகைக்கு விடுகிறாள். இருவர் வெளிநாட்டில், ஒருவர் மேடையில், என்னையும் சேர்த்து மூவர் பள்ளிக்கூடத்தில். இன்னொருத்தி தான் ஆடுவாள் என்பதையே புகுந்த வீட்டில் சொல்லவில்லை. அவளுக்கு ‘இல்லை’ என்று குறிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் குறித்துவிட்டேன். பன்னிரண்டாவது பெயர் ஜெசிந்தா. அவளுக்கு எதைக் குறிப்பது என்றுதான் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்தமான் தீவுகளுக்கென்று ஒதுக்கிய இரண்டு இடங்களில் அந்த ஆண்டு போனவர்கள் நாங்கள் இருவர். என் அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, நடு அந்தமானில் ரப்பர் பால் எடுக்க வந்தவர்கள். ஜெசிந்தாவின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வலையோடு வந்தவர். சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். அவள் மூன்று நாளும் மேல்தளத்தில் நின்று சிரித்துக்கொண்டே வந்தாள். நான் மூன்று நாளும் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்தில் எழுந்து தட்டுக்கழிச் சத்தத்தில் தூங்கினோம். அங்கே எங்களுக்குச் சொல்லித் தந்ததில் நான் மிகவும் பெருமைப்பட்டது ஒன்று உண்டு. குழந்தைகளைப் பார்த்தபடி நின்று சொல்லித் தரும்போது, வாய் ‘வலது’ என்று சொல்ல ஆசிரியரின் இடது கால் நகர வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கும் குழந்தை கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்து ஆடும். இது உடம்பில் ஊற ஒரு வருடம் ஆகும். எனக்கு எட்டு மாதத்தில் ஊறியது. வலதும் இடதும் எனக்குத் தெரிந்த அளவு இந்தத் தீவில் யாருக்கும் தெரியாது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் எனக்கு வேலை கிடைத்தது. பாம்பூஃப்ளாட்டில் வீடு, காலையில் படகேறி சாத்தாமில் இறங்கி பஸ் பிடித்து ஷாதிபூர்ப் பள்ளிக்கூடம். ஜெசிந்தாவுக்குக் கிடைக்கவில்லை. படகு மெக்கானிக் ஒருவரைக் கட்டிக்கொண்டு லாங் ஐலண்ட் என்ற தீவுக்குப் போனாள். அங்கே அங்கன்வாடியில் உதவியாளர், அதாவது கஞ்சி காய்ச்சி, பாத்திரம் கழுவி, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கும் வேலை.

இனி மித்ரா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியரசு தின விழாவில் பள்ளிக் குழந்தைகள் ஆடும் நிகழ்ச்சிக்கு அவர்தான் பொறுப்பு. வங்காளத்துக்காரர், ஒல்லி, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. கழுத்தில் விசில் தொங்கும். ஊதி நான் பார்த்ததில்லை. மடக்கிய குடையை உயர்த்துவார், இருநூறு குழந்தைகள் நின்றுவிடும். மைதானத்தில் குறி போடுவதை யாரிடமும் விடமாட்டார். முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று அவரிடம் இருந்தது, இரண்டு கை நீளத்துக்கு ஒரு முடிச்சு. ஆளுக்கொரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மெல்லிய துணியில் கட்டிய சுண்ணாம்புப் பொடியை ஒவ்வொரு முடிச்சுக்குக் கீழும் குனிந்து ஒரு தட்டுத் தட்டுவார். தட்டிய இடத்தில் ரூபாய் அளவுக்கு ஒரு வட்டம். அதில்தான் குழந்தையின் வலது கால் கட்டை விரல். கயிறு தொய்ந்தால் திட்டமாட்டார், முதல் முடிச்சிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். நமக்கு அது திட்டைவிட வலிக்கும். ‘ஏக் பார் அவுர்’, அதாவது இன்னும் ஒரு தடவை, இதுதான் அவர் அதிகம் சொன்ன வாக்கியம். உச்சகட்டப் பாராட்டு ‘டீக் ஹை’. ‘சரி’ என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஆறு வருடம் அவர் பின்னால் சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

ஏழாவது வருடம் நடனத்தை நானே அமைக்கும்படி சொன்னார். அறுபது குழந்தைகள் சேர்ந்து ஒரு படகாக நிற்பார்கள். துடுப்பு வலிப்பதுபோலத் தண்டு போடுவார்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை படகு வலப்பக்கமாக நகர்ந்து கடலுக்குள் போகும். வெளித்தீவுக் குழந்தைகளும் இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு உத்தரவு. நாற்பத்திரண்டு பேர் ஷாதிபூரிலிருந்து, என்னிடம் பயின்றவர்கள். மீதிப் பதினெட்டுப் பேரை யாரிடம் கேட்பது என்றபோது எனக்கு ஜெசிந்தாவின் நினைவு வந்தது. அதில் நட்பும் இருந்தது, இன்னொன்றும் இருந்தது. ரங்கத் பக்கம் ஒரு நடன ஆசிரியர் இடம் காலியாகியிருந்தது. தேர்வுக் குழுவில் மித்ரா மேடம் இருந்தார். "அந்தப் பெண் இத்தனை வருஷம் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். கை கால் இன்னும் படித்ததை வைத்திருக்கிறதா என்று பார்க்கிறேன், பிறகு சொல்கிறேன்" என்றார். எங்கள் இருவருக்கும் அப்போது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இடம் தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும், அப்புறம் அவளுக்கு அரசு வேலை என்பதே கிடையாது.

அப்போது செல்போன் இல்லை. நடனத்தைப் பதினான்கு தாளில் வரைந்து, ஒவ்வோர் அடிக்கும் அம்புக்குறி போட்டு, பாட்டைக் கேசட்டில் பதிந்து, லாங் ஐலண்ட் படகில் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பதினெட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு ஜெசிந்தா படகுத்துறையில் இறங்கினாள். எல்லாம் அந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆறிலிருந்து ஒன்பது வயது. புதுச் செருப்பு. பாதிக்குச் செருப்பு கடித்துக் கையில் இருந்தது.

மறுநாள் காலை ஒத்திகை. ஷாதிபூர்க் குழந்தைகள் படகின் இரண்டு முனையிலும், சின்னவர்கள் நடுவிலும் நின்றார்கள். பாட்டு தொடங்கியது. தண்டு போட்ட அழகைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தோள், முதுகு, இடுப்பு மூன்றும் சேர்ந்து வந்தது. என் ஷாதிபூர்ப் பிள்ளைகளுக்கு நாலு மாதத்தில் வராதது. எட்டாவது எண்ணிக்கையில் படகு நகர வேண்டும். நாற்பத்திரண்டு பேர் வலப்பக்கம் போனார்கள். பதினெட்டுப் பேர் இடப்பக்கம் போனார்கள். மோதியதில் ஒரு குழந்தைக்கு உதடு கிழிந்தது.

குடை உயர்ந்தது. "ஏக் பார் அவுர்." மறுபடி அதே. மூன்றாவது தடவையும் அதே.

மறந்துபோன குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் போகும், பக்கத்துக் குழந்தையைப் பார்க்கும், ஒன்றிரண்டு அழும். இவர்கள் அப்படி இல்லை. பதினெட்டும் ஒரே உடம்பாக, ஒரு நொடி பிசகாமல், தலை நிமிர்ந்து தப்பான பக்கம் போனார்கள். மித்ரா மேடம் அதைக் கவனித்தாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம் வந்து மெல்லிய குரலில் இந்தியில் சொன்னார். "மாலை நாலு மணி வரை நேரம். சரியாகவில்லை என்றால் அந்தக் குழந்தைகள் ஓரமாக நின்று கொடி ஆட்டட்டும். உன் தோழி பற்றி எனக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை."

அவமானத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. எல்லா நடன ஆசிரியர்களும் செய்வதைச் செய்தேன். பதினெட்டு வலது மணிக்கட்டிலும் சிவப்பு ரிப்பன் கட்டி, "ரிப்பன் இருக்கிற பக்கம் போ" என்றேன். குழந்தைகள் ரிப்பனைப் பார்த்தார்கள், காலை மறந்தார்கள். அந்த அழகான தண்டு வீச்சும் காணாமல் போனது. மத்தியான வெயிலில் அவர்கள் துவண்டு நின்றபோது நான் ஜெசிந்தா பக்கம் திரும்பினேன்.

"என்னா ஜெசி இது? நாலு வருஷம் அங்க படிச்சது என்னாத்துக்கு? வலது எது, இடது எதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தர முடியலியா ஒனக்கு?"

"திட்டணும்னா தனியா கூட்டிட்டுப் போயித் திட்டு செல்வி. பிள்ளைக முன்னால வேண்டாம். நேத்துப் பூரா போட்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கு" என்றாள். குரல் உயரவில்லை. அது என்னை இன்னும் கிளறிவிட்டது.

"அம்புக்குறி போட்டு அனுப்பினேனா இல்லியா?"

"போட்டிருந்த. நா அதப் பாத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்க ஸ்கூல் கிரவுண்டுல நின்னா நீ போட்ட அம்பு கடலுக்குப் போவுது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காடு. அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். வலதுன்னா ரெண்டு பிள்ளைக்குத்தான் புரியும். இந்தியில சொன்னா நாலுக்குப் புரியும். வீட்ல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாஷை. கடல்னா பதினெட்டுக்கும் தெரியும்."

எனக்குப் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. ஆனாலும் கோபம் தணியவில்லை. முன்வரிசையில் நின்ற ஏழு வயதுப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் பெயர் சம்பா. "ஏன் அந்தப் பக்கம் போகிறாய், மற்றவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் போவது தெரியவில்லையா" என்று இந்தியில் அதட்டிக் கேட்டேன். சம்பா பயப்படவில்லை. இவ்வளவு பெரிய டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நாவ் தோ சமந்தர் மே ஜாயேகா, மேடம்" என்றாள். படகு கடலுக்குள்ளதானே போகும் என்று. பிறகு ரிப்பன் கட்டிய கையை நீட்டி தன் வலப்பக்கத்தைக் காட்டினாள். "உதர் தோ பஸ் ஹை." அங்கே பஸ்தானே இருக்கிறது என்று.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் இருந்தது. டீக்கடை, ஆட்டோக்கள், டயரில்லாமல் நிறுத்தி வைத்த ஒரு டூரிஸ்ட் பஸ். குழந்தைகளுக்கு இடப்பக்கம், மைதானத்துச் சுவருக்கு அந்தப் புறம், நீலமாக, முழு நீளத்துக்கும், கடல். ஆறு வருடம் இந்த மைதானத்தில் சுண்ணாம்பு மூட்டை தூக்கியிருக்கிறேன். தினமும் அதே கடலைப் படகில் தாண்டித்தான் வேலைக்கு வந்தேன். வீட்டு மேஜையில் உட்கார்ந்து தாளில் அம்புக்குறி போட்ட நான், அறுபது குழந்தைகளைப் படகாக்கி, பாட்டுப் போட்டு, தண்டு போடச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

முதலில் சிரித்தது ஜெசிந்தா. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு மூட முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடமே அழுகையும் வந்தது. அந்தப் பதினெட்டுக் குழந்தைகளின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேறு தீவில், வேறு மைதானத்தில் கற்றதை, கடல் இடம் மாறியதும் ஒருவரையொருவர் கேட்காமல், ஒரு பேச்சுப் பேசாமல், தாங்களே திருப்பி ஆடியிருக்கிறார்கள். முழு நடனத்தையும், ஒவ்வோர் அடியையும். எட்டு மாதத்தில் எனக்கு ஊறிய கண்ணாடி வித்தை இவர்களுக்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. பிரமிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, நானும் நிறைய இடத்தில் போட்டு எழுதியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மூணு மணி ஆகப்போவுது செல்வி" என்றாள் ஜெசிந்தா. "ஒண்ணு சொல்லுதேன். ஒம்பிள்ளைகளுக்கு வலதும் தெரியும், இடதும் தெரியும். மாத்தி ஆடுன்னா ஆடும். எம்பிள்ளைகளுக்குக் கடல்தான் தெரியும். கடல நா எங்க தூக்கி வைக்க?"

மித்ரா மேடத்திடம் போய்ச் சொல்ல வேண்டும். விழாவுக்கு முந்திய நாள் மாலை, நடனம் அமைத்தவளே தப்பு, அறுபதில் நாற்பத்திரண்டு பேரை மாற்ற வேண்டும் என்று. போகிற வழியில் நாலு பொய் யோசித்தேன். தாள் மாறிப்போயிற்று என்று சொல்லலாம், ஜெசிந்தா தாளைத் தலைகீழாகப் பிடித்துவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம். சம்பாவின் பார்வை முதுகில் இருந்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன்.

அவர் குடையை ஊன்றியபடி சுவர்வரை நடந்து போனார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து, "எத்தனை வருஷம் இங்கே குனிந்திருக்கிறேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்" என்று தனக்கே சொல்வதுபோல வங்காளமும் இந்தியும் கலந்து சொன்னார். பிறகு என்னிடம், "கயிறு கொண்டா."

முதல் முடிச்சை அந்தக் கடல் சுவர்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அறுபது வட்டத்தையும் காலால் அழித்து, மறுபடி குனிந்து தட்டினார். கயிற்றின் ஒரு முனையில் நான், மறுமுனையில் ஜெசிந்தா. ஓரத்தில் கொடி ஆட்ட வேண்டிய பதினெட்டுப் பேரையும் அழைத்து முன்வரிசையில் நிறுத்தினார். பெரிய குழந்தைகளை அவர்கள் பின்னால் வைத்து, "வலது இடது எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். உங்கள் முன்னால் நிற்கும் குழந்தையின் முதுகைப் பாருங்கள். அது எங்கே போகிறதோ அங்கே போங்கள்" என்றார். அவ்வளவுதான் செய்தார். ஐந்தாவது தடவையில் படகு உடையாமல் நகர்ந்தது.

மறுநாள் விழா. எட்டாவது எண்ணிக்கையில் சம்பாவின் கால் நகர்ந்தது. அவளோடு அறுபது குழந்தைகளும் தண்டு போட்டபடி கடலை நோக்கிப் போனார்கள். நான் பந்தலுக்குக் கீழே நின்றிருந்தேன். மேடையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள், அவர்கள் மனைவிமார், ஓரத்தில் நின்ற காவலர்கள், பேண்ட் வாத்தியக்காரர்கள், அத்தனை பேரும் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை, சும்மா தண்ணீர்தான். எல்லாரும் அதைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கைதட்டல் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. என் முப்பத்து மூன்று வருட வேலையில் அந்தத் தாமதத்தைப் போல ஒன்றை நான் மறுபடி கேட்கவில்லை.

மித்ரா மேடம் ஜெசிந்தாவிடம் போனார். "டீக் ஹை" என்றார். இரண்டு அடி நடந்துவிட்டு, திரும்பி வந்து, இன்னொரு தடவை "டீக் ஹை" என்றார். எனக்குப் பாராட்டு இல்லை. தவறாக வரைந்ததற்கு ஒரு மெமோ கொடுத்தார். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஜெசிந்தா நேர்காணலுக்கு வந்தாள். மித்ரா மேடம் அவள் பெயரை முதலில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேண்டாம் என்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டியது. லாங் ஐலண்டில் கஞ்சி காய்ச்சிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஆடச் சொல்லித் தந்தாள், அதற்கு எந்தத் தாளிலும் பெயர் கிடையாது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. அந்தக் கடிதம் வந்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை அவளிடம் சொன்னதும் இல்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். டவர் கிடைத்து, விட்டு, மறுபடி கிடைத்தது. படிவத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இல்லைன்னே போடு செல்வி" என்றாள். "நா என்ன டான்ஸ் டீச்சரா? ரிட்டயர்டு ஆயா. பொய் எழுதி மாட்டிக்கிடாத."

அந்த வரிசையை வெறுமையாகவே விட்டு, இன்று காலை படிவத்தைக் கொடுத்துவிடலாம் என்று விழா மைதானத்துக்குப் போனேன். இது ஒத்திகை மாதம். அனிதா குழந்தைகளை நிறுத்திவைத்திருந்தாள். சுண்ணாம்பு வட்டங்களுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் கூம்புகள். முதல் கூம்பு கடல் சுவர்ப் பக்கத்தில் இருந்தது. மைக்கைப் பிடித்து எண்ண ஆரம்பித்தாள். எட்டு வந்ததும், "சமந்தர் தரஃப்" என்றாள். கடல் பக்கம் என்று. குழந்தைகள் போனார்கள். அடுத்த எட்டுக்கு, "ஜங்கிள் தரஃப்" என்றாள். காட்டுப் பக்கம் என்று. குழந்தைகள் திரும்பி வந்தார்கள்.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட். அதற்குப் பின்னால் கடைகள், அதற்குப் பின்னால் வீடுகள். ஒரு மரம்கூட இல்லை.

"காடு எங்கே இருக்கு அனிதா?" என்று கேட்டேன்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தோன்றியது போலிருந்தது. "ஆமா மேடம், இல்லதான். ஆனா இந்த கிரவுண்டுல எல்லா டான்ஸ் டீச்சரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் வேற ஸ்கூல்ல ஆடினப்பவே எங்க மிஸ் அப்படித்தான் சொன்னாங்க. யுனிவர்சிட்டியில சொல்லிக் கொடுத்ததோ?"

எத்தனையோ ஒத்திகையில் நானும் கேட்ட அந்தக் காடு, லாங் ஐலண்டில் ஜெசிந்தாவின் மைதானத்துக் காடு. படிவத்தை அனிதாவிடம் கொடுக்காமல், பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். ஜெசிந்தாவுக்கு நேராக ‘ஆம்’ என்று குறித்தேன். பணி என்ற இடத்தில் ஆசிரியை என்று எழுதினேன். பணியிடம் என்ற இடத்தில் அந்த மைதானத்தின் பெயரை எழுதினேன்.